கலர் பென்சில் மாப்பிள்ளைக்கு

வாரும் மாப்ளே, வாரும். மறுவீட்டு விருந்துக்குப் பதினொரு மணிக்கு வாரேன்னு சொல்லிட்டு ஒண்ணேகாலுக்கு வந்து நிக்கீரு. பரவால்ல, கோழி கோவிச்சுக்கிடாது. அது காலையிலயே செத்துப்போச்சு. தாணாவுலேர்ந்து வாடகைக் கார்லயா வந்தீரு? ஆக, ஊருக்கெல்லாம் ரயிலு, பஸ்ஸுன்னு கோடு போட்டுக் கொடுக்க மாப்பிள்ளை, சீத்தா கேம்புக்கு வரக் காரு பிடிச்சு, மான்கூர்டு சிக்னல்ல ஒரு மணி நேரம் குத்தவச்சிருக்காரு. தப்பா எடுத்துக்கிடாதேயும். வைத்தியர் தன் மருந்தைத் தான் திங்க மாட்டாருங்கது நாங்குநேரிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சாப்பிட்டீரா? மோர் ஊத்திக்கிடும். இனி அந்தப் பொட்டியைத் திறந்து உம்ம படத்தைக் காட்டும், பாப்போம். அடேயப்பா! மஞ்சக் கோடு, சிவப்புக் கோடு, பச்சைக் கோடு. கொடியில உம்ம மாமியா சேலை காயப்போட்ட கணக்கா இருக்கே. இதுல நம்ம வீடு எங்கன இருக்கு? மஞ்சக் கோடு மண்டாலேயில நின்னுபோச்சு, அதுக்கு அங்கிட்டு வெள்ளையா ஒண்ணுமில்லாமக் கிடக்கே, அதுவா? அதேதான். உம்ம மாமனார் வீடு, டிராம்பே மீன் ஜெட்டி, மசூதி, கோயிலு, ஆயிரக்கணக்குல அடுப்பு, எல்லாம் அந்த வெள்ளைக்குள்ளதான் கிடக்கு. நல்லது. வெள்ளைக் காயிதம் சுத்தமா இருக்கும்.

நீரு வேலையில ஒசந்து போகணும்னு எனக்கும் ஆசைதான். பேத்தியைக் கொடுத்திருக்கோம்லா. அதனால ரெண்டு புத்தி சொல்லுதேன். எழுதணும்னாலும் எழுதிக்கிடும்.

எந்தத் திட்டம் போட்டாலும் 20 வருசம் தள்ளித் தேதி போடும். 5 வருசம்னு போட்டீர்னா, கேக்குத ஆளு அப்பவும் உசுரோட இருப்பான். 20 வருசம்னா கேட்டவன் போயிருப்பான், சொன்ன மந்திரி போயிருப்பான், எழுதின நீரு பென்சன் வாங்கிக்கிட்டிருப்பீரு. புதுசா ஒருத்தன் வந்து புதுக் கலர் பென்சிலு வாங்குவான்.

இந்த மஞ்சக் கோட்டையே எடுத்துக்கிடும். மும்பை மெட்ரோவுக்கு மொத்தமாத் திட்டம் போட்டது 2004-ல. ஒன்பது பாதை, 146 கிலோமீட்டர். அப்போ உம்ம பொண்டாட்டி பால்வாடியில ஒண்ணுக்குப் போகணும்னு விரலைத் தூக்கிக்கிட்டிருந்தா. 2009 ஆகஸ்டுல சார்கோப்புலேர்ந்து பாந்த்ரா வழியா மான்கூர்டுக்கு ரயில் வரும்னு ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் அம்மாவே வந்து அடிக்கல் வச்சாவ. இவ நாலாங்கிளாஸ். 2014 நவம்பர்ல டிப்போவுக்கு எடம் தகையலை, கடலோரச் சட்டப்படி அனுமதி வரலைன்னு அந்த ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிட்டாங்க. இவ ஒன்பதாங்கிளாஸ், சயின்ஸுல பார்டர் மார்க்கு. அப்புறம் அதே கோட்டை ரெண்டா வெட்டி, டி.என். நகர்லேர்ந்து மண்டாலே வரைக்கும் உள்ள துண்டுக்கு 2பி-ன்னு பேரு வச்சு, 2018 வாக்குல தூண் ஊனினாங்க. இவ காலேஜு. 2025 ஏப்ரல்ல மண்டாலேயிலிருந்து டயமண்ட் கார்டன் வரைக்கும் சும்மா ஓட்டிப் பாத்தாங்க. ஆள் ஏத்தலை, சோதனை. அந்த வருசம் இவளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு. அஞ்சரை கிலோமீட்டர் சோதனைக்குள்ள ஒரு பொண்ணு வளந்து, படிச்சு, கல்யாணமே முடிஞ்சுபோச்சு. அதுலயும் கல்யாணம் குறிச்ச தேதியில நடந்துச்சு பாத்தீரா.

சிரிக்காதேயும், இன்னும் இருக்கு. இந்த அந்தேரிப் பக்கத்துலேர்ந்து டிராம்பேப் பக்கத்துக்கு ரயில் விடணுங்கது உங்க ஆபீசுல யாருக்கோ தோணின யோசனைன்னு நினைச்சுக்கிட்டிருக்கீரா? 1928-லயே விட்டாச்சு. சால்செட் டிராம்பே ரயில்வேன்னு பேரு. அந்தேரியிலேர்ந்து குர்லா வழியா டிராம்பேக்கு 13 கிலோமீட்டர். பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டு போட்ட பாதை, ஜி.ஐ.பி. ரயில்வே ஓட்டினான். 6 வருசம் ஓடிச்சு, 1934-ல இழுத்து மூடிட்டான். அப்போ இங்கன சனம் எவ்வளவு? நாலு கோளிவாடா, கொஞ்சம் வயலு, மீதி உப்பளமும் சகதியும். ஆள் இல்லாத ஊருக்கு ரயில் வந்துச்சு. ஆள் வந்தப்போ ரயில் போயிருச்சு. ஏற ஆள் இல்லாட்டா வண்டி வரும், ஆள் இருந்தா வராது. இது நான் கண்டுபிடிச்ச கணக்கு, உம்ம கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரும், சரியா வரும்.

எந்தப் பக்கம் எந்த வண்டி முதல்ல வரணும்னு ஒரு முறை இருக்குல்லா, அதையும் கேளும். செம்பூருக்கு ரயில் பாதை போட்டது 1906-ல, குர்லாவுலேர்ந்து. எதுக்கு? மனுசன் போகவா? பம்பாய்க் குப்பையைக் கொண்டாந்து கொட்டுததுக்கு. மனுசன் ஏறுத ரயிலு 1924-லதான் வந்துச்சு. ஆக இந்தப் பக்கத்துல குப்பை நமக்கு 18 வருசம் சீனியரு. இன்னைக்கும் தேவ்நார் குப்பை மலைக்குப் போற லாரிக்கு வழி விட்டுட்டுத்தான் நம்ம பஸ்ஸு போகுது. சீனியாரிட்டி மாப்ளே, சீனியாரிட்டி.

குப்பைன்னதும் அற்புதம் அண்ணாச்சி ஞாபகம் வருது. ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயல்ல பொறந்து, இங்க ஜனதா காலனிக்கு வந்து சேந்தவரு. அந்தக் காலத்துல காலனிக்குள்ள குப்பை அள்ள முனிசிபாலிட்டி எட்டிப் பாக்காது. மனு எழுதிப் பாத்தாச்சு. அண்ணாச்சி என்ன பண்ணினாரு? பிள்ளைங்களைச் சேத்து, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொட்டலமாக் கட்டச் சொல்லி, முனிசிபாலிட்டி ஆபீசு வாசல்லயே கொண்டு போய்க் கொட்ட வச்சாரு. குப்பை வண்டி வந்துருச்சு. கன்சல்டண்டு இல்ல, சர்வே இல்ல, கலர்ப் படம் இல்ல. பின்னால 2000-ல மகசேசே விருது கொடுத்தாங்க. விருது வாங்கின அப்புறமும் அந்தாளு டீக்கடை பெஞ்சிலதான் உக்காந்திருப்பாரு.

இப்போ அந்த ஜனதா காலனி எங்கன இருக்குன்னு கேளும். இல்ல. அணுசக்திக்காரங்களுக்கு எடம் வேணும்னு, எமர்ஜென்சி சமயம், 1976 மே 17-ந்தேதி, எழுபதாயிரம் பேரு இருந்த காலனியை இடிச்சாங்க. எனக்கு 24 வயசு. எட்டு வயசுல மாமா கையைப் பிடிச்சு மெட்ராஸ் வழியா வந்து அங்கனதான் இறங்கினேன். போலீசு வரிசை வரிசையா நிக்கு. தட்டுமுட்டுச் சாமானை லாரியில ஏத்தி இங்க கொண்டாந்து சகதியில இறக்கிவிட்டான். மழைக்கு முன்னால ரெண்டு வாரம். அலை ஏறினா வீட்டுக்குள்ள நண்டு வரும். உம்ம மாமியா கைப்பிள்ளை. இந்தா, நீரு பாய் விரிச்சு உக்காந்திருக்கீரே, இந்த எடத்துல முழங்கால் அளவு தண்ணி. நாங்கதான் செங்கல் பொடியும் கச்சராவும் கொட்டி மேடாக்கினோம். லாரியில கொண்டாந்து விட்டவன் திரும்பிப் போக பஸ்ஸு எங்கனன்னு சொல்லலை. வேலைக்குப் போகணுமே? நடந்தோம். டிராம்பே ரோட்டுக்கு நடந்து, அங்கன பஸ்ஸுக்கு நின்னு. நான் வேலை பாத்த ரசாயனக் கம்பெனியில அந்த மாசம் பாதிச் சம்பளம், லேட்டுக்கு வெட்டிட்டான்.

அது பழங்கதைன்னு விட்டுருவோம். 2000-க்கு அப்புறம் நடந்ததைக் கேளும். ரயில் பாதையைக் கூட்டணும், ரோட்டை அகலப்படுத்தணும்னு உலக வங்கியில கடன் வாங்கி எம்.யூ.டி.பி.ன்னு ஒரு திட்டம். நல்ல திட்டந்தான், இல்லைங்கலை, ரயிலு கூடிச்சு, பெட்டி கூடிச்சு. தண்டவாளத்தை ஒட்டி, ரோட்டை ஒட்டிக் குடியிருந்த கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரை எழுப்பினாங்க. மாடிக் கட்டடத்துல செங்கல் வீடு கொடுத்தாங்க. அதுவும் சரிதான். தண்டவாளத்துல பிள்ளைங்க அடிபட்ட காலம் போச்சு. ஆனா எங்கன கொடுத்தாங்க? மான்கூர்டு லல்லுபாய் காம்பவுண்டு, செம்பூர் வாஷி நாக்கா. இந்தக் கோடியில! ரயில் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் ரெண்டு கை தூரத்துல இருந்தவன், ஸ்டேசனுக்கு நடந்தே போனவன், இப்போ ஸ்டேசனுக்குப் போக சேர் ஆட்டோவுக்குத் தினம் காசு எண்ணுதான். வீட்டு வேலைக்குப் போன பொம்பளைங்க பாதிப்பேரு அந்த வேலையை விட்டுட்டாங்க. எட்டு மணிக்கு மாதுங்காவுல பாத்திரம் தேய்க்க நிக்கணும்னா இங்கேர்ந்து எப்பக் கிளம்ப? ரயிலுக்கு எடம் விட்டவனை ரயில் இல்லாத எடத்துல வச்சிருக்கு. நான் பள்ளிக்கூடம் அஞ்சாப்பு வரைக்குந்தான். நீரு எம்.டெக்கு. இது எந்தப் பாடத்துல வருதுன்னு நீருதான் சொல்லணும்.

சரி, மோர் ஆறுது... மோர் எங்கே ஆற, சும்மா சொன்னேன். குடியும்.

மோனோ ரயில்ல போயிருக்கீரா? போயிருக்க மாட்டீரு. யாருமே போகலை. செம்பூருலேர்ந்து வடாலாவுக்கு 2014 பிப்ரவரியில திறந்தாங்க. 8.9 கிலோமீட்டர். ஒத்தைக் கால் கொக்கு கணக்கா ஒத்தைத் தண்டவாளம். இந்தியாவுலயே வேற எங்கயும் கிடையாதாம். எனக்கு அப்பவே சந்தேகம். வேற எவனும் வாங்காத சாமானை நாம முதல்ல வாங்கினா கடைக்காரனுக்குத்தான் சந்தோசம். திறந்த முதல் ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஏறினோம். உம்ம பொண்டாட்டி ஜன்னல்ல மூக்கை ஒட்டி வச்சுக்கிட்டு வந்தா. ரிஃபைனரித் தொட்டி, உரக் கம்பெனிப் புகை, மைசூர் காலனி, பக்தி பார்க்கு. நல்ல காட்சி. எங்கன இறங்கணும்னுதான் யாருக்கும் தெரியலை. பொழைப்புக்குப் போறவன் போற எடத்துக்கு அது போகலை. 2017 நவம்பர்ல ஒரு விடியக்காலம் மைசூர் காலனியில பெட்டி ரெண்டு தீப்பிடிச்சு எரிஞ்சுது. ஆள் யாரும் இல்ல, நல்லவேளை. ஆள் இல்லாம ஓட்டுததுலயும் ஒரு லாபம் இருக்கு பாத்தீரா. 10 மாசம் மூடிக் கிடந்துச்சு. யாரும் தேடலை.

இதுக்கு மேலதான் விசேசம். 2025 ஆகஸ்டு 19. பேய் மழை. ஹார்பர் லைன் ரயிலு தண்ணியில முங்கி நின்னுபோச்சு. சனம் என்ன பண்ணும்? 11 வருசமாத் திரும்பிப் பாக்காத மோனோவுல முதல் தடவையா எல்லாரும் ஏறிட்டாங்க. அது நடு வானத்துல, மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவுல நின்னுபோச்சு. ஏ.சி. போச்சு, வெளக்குப் போச்சு. ஃபயர் எஞ்சின் ஏணி வச்சு 582 பேரை இறக்கினாங்க. காரணம் கேட்டா, வண்டி 104 டன்னுதான் தாங்குமாம், அன்னைக்கு 109 டன்னு ஏறிட்டாம். ஆள் ஏறலைன்னு வருசம் பூரா அழுத வண்டி, ஆள் ஏறினதும் ஒடிஞ்சுது. மறு மாசமே சரிபண்ணுதோம்னு சேவையை நிறுத்தியாச்சு. இதைப் பாத்துத்தான் எனக்கு ஒரு ஞானம் வந்துச்சு மாப்ளே. நீரு ஒரு வண்டிக்குத் திட்டம் போட்டீர்னா, அதுல யாரும் ஏறிறக் கூடாதுங்கதையும் திட்டத்துல எழுதி வையும்.

ரோடு விசயத்துல உங்க ஆளுங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அங்கன சொன்ன சொல்லைக் காப்பாத்துதாங்க. 1960-கள்ல அமெரிக்காவுலேர்ந்து வில்பர் ஸ்மித் கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு, கடலோரமா இப்படிப் பெரிய ரோடு போடு, அப்படிப் பாலம் போடுன்னு எழுதிக் கொடுத்தானாம். அந்தக் காயிதத்தை மட்டும் கரையான் அரிக்கலை. பாந்த்ரா வொர்லி கடல் பாலம் 2009-ல வந்தாச்சு. ஈஸ்டர்ன் ஃப்ரீவே 2013-ல, நம்ம பக்கத்து மலையைக் குடைஞ்சுல்லா போகுது. ரெண்டு சக்கரம், மூணு சக்கரம் ஏறக் கூடாது. அடல் சேது 2024 ஜனவரியில, 21.8 கிலோமீட்டர், கடலுக்கு நடுவுல. அதுலயும் பைக்கு, ஆட்டோ கிடையாது. காருன்னா 250 ரூபா. அணு ஆராய்ச்சி நிலையம் கண்ணுல படக் கூடாதுன்னு பாலத்துல மறைப்பு வேற கட்டியிருக்காங்க. சீத்தா கேம்பை மறைக்க அந்தச் செலவு வேண்டாம். நம்மளத்தான் திறந்து வச்சாலும் யாரும் பாக்கதில்லையே.

இந்த ஊர்ல மே 9 ராசியான தேதி. 1874 மே 9-ல குதிரை டிராமு ஓட ஆரம்பிச்சுது. 1992 மே 9-ல மான்கூர்டு தாண்டி வாஷிக்கு முதல் ரயிலு. நவி மும்பைன்னு ஊருக்குப் பேரு வச்சு, சிட்கோன்னு கம்பெனி ஆரம்பிச்சது 1970-ல. ரயிலு பாலத்தைத் தாண்ட 22 வருசம். 2025 மே 9-ல என்ன தெரியுமா? பெஸ்ட்டு பஸ்ஸுல குறைஞ்ச டிக்கெட்டு 5 ரூபா இருந்ததை 10 ரூபா ஆக்கின நாளு. நல்ல நாள் பாத்துத்தான் செய்யுதாங்க.

பஸ்ஸு விசயத்துல மட்டும் கொஞ்சம் கவனமா கேளும். பஸ்ஸைக் கொல்லணும்னா கழுத்தை நெரிக்கக் கூடாது, பாவம் சேரும். 10 நிமிசத்துக்கு ஒண்ணு வந்ததை 20 நிமிசம் ஆக்கணும். பாதிச் சனம் சேர் ஆட்டோவுக்கு ஓடும். ஆளே ஏறலைன்னு ஃபைல்ல எழுதணும். எழுதிட்டு 40 நிமிசம் ஆக்கணும். மீதிப்பேரும் ஓடுவான். கடைசியில நஷ்டம்னு சொல்லி நிறுத்தும்போது ஊரே சரிதானேன்னு தலையாட்டும். ஒரு காலத்துல பெஸ்ட்டுக்கு 4,000 பஸ்ஸுக்கு மேல இருந்துச்சு. இப்போ குத்தகைக்கு எடுத்ததையும் சேத்து 3,000 தேறலை, சொந்த பஸ்ஸு ஆயிரம்கூட இல்ல. குத்தகைக்காரன் கணக்கு ஒத்துவரலைன்னு பாதியில விட்டுட்டுப் போறதும் நடக்கு. நான் தாதர்ல தெருவோரமா நின்னு கடைசி டிராமைப் பாத்தவன். 1964 மார்ச் 31, ராத்திரி. எனக்கு 12 வயசு. அவ்வளவு கூட்டம், கைதட்டு, விசிலு. அத்தனை பேரும் அன்னைக்கு முந்தின நாளே ஏறியிருந்தா அது நின்னிருக்குமாங்கது எனக்கு இப்பவும் ஒரு ரோசனை. 2023-ல டீசல் டபுள் டெக்கரை நிறுத்தினப்பவும் மாலை போட்டு, போட்டோ எடுத்து, அழுதாங்க. பஸ்ஸுக்கு எழவு கூட்டத் தெரிஞ்ச ஊரு.

நீரு சாப்பிடும்போது ஓர் ஊரு சொன்னீரே, பிரேசில்ல, என்னது... குரிச்சிபா. பேரைக் கேட்டதும் நம்ம மேலக்குறிச்சி, கீழக்குறிச்சி பக்கத்து ஊருன்னு நினைச்சுப்போட்டேன். அங்கன ரயிலுக்குப் பணம் இல்லைன்னு, 1974-ல ரோட்டு நடுவுலயே பஸ்ஸுக்குன்னு வழியைப் பிரிச்சு விட்டுட்டானாம்லா. இவ்வளவுதானா? அதுக்கு ஒரு பக்கெட் பெயிண்டும், கார்க்காரனை அங்கிட்டுப் போடான்னு சொல்ல ஒரு மீசையும் போதுமே. பெயிண்டு இங்கன எவ்வளவும் கிடைக்கும். அந்த மீசைக்குத்தான் டெண்டர் விடணும். உங்க ஆபீசுல இதை மட்டும் வாய் திறந்து சொல்லிராதேயும். பெயிண்டுக்கு யாரு அடிக்கல் நாட்ட வருவா?

உம்ம படத்தை ஒரேயடியா நான் குறை சொல்லலை. மஞ்சக் கோடு வரட்டும். வந்தா முதல் ஆளா ஏறுவேன், அதுவரைக்கும் இருந்தா. ஆனா அந்த மண்டாலே ஸ்டேசன்லேர்ந்து இந்த வாசலுக்கு வர எந்தக் கோடும் உம்ம படத்துல இல்ல. கேட்டா லாஸ்ட் மைலுன்னு இங்கிலீசுல ஒரு பேரு வச்சிருக்கீயளாமே. எங்களுக்கு அதுதான் ஃபர்ஸ்ட் மைலு. காலையில எந்திரிச்சதும் அதைத்தான் நடக்கோம். மெட்ராஸ்லயும் வேளச்சேரியிலேர்ந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் பறக்கும் ரயிலை 2008-ல ஆரம்பிச்சு, அரைக் கிலோமீட்டர் எடத்துக்கு ஆதம்பாக்கத்துல வருசக்கணக்கா நின்னாங்கன்னு என் தங்கச்சி மகன் சொல்லுவான். ஆக எங்க போனாலும் அந்தக் கடைசித் துண்டுதான் தொண்டையில முள்ளு.

மணி ஆறாகுது. இருட்டுததுக்குள்ள கிளம்பும். உம்ம பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுத்தானே போகணும்? ஏலா, பையை எடு. நானும் நாக்கா வரைக்கும் வாரேன். காரு கீரு கூப்பிடாதேயும், இன்னைக்கு ஒரு நாள் பஸ்ஸுல போயிட்டு வாரும், பாப்போம். இந்தா, இதுதான் பஸ் ஸ்டாப்பு. கூரை இல்ல, கம்பம் மட்டும் இருக்கு. கம்பத்துல நம்பர் அழிஞ்சுபோச்சு, ஆனா நாங்க மனப்பாடமா வச்சிருக்கோம்.

...

அரை மணி ஆச்சு, வரலை. கால் வலிக்கா? அந்தப் பொட்டியை என்கிட்டக் கொடும், வச்சுக்கிடுதேன். இந்தா வாரான் பாரும் சேர் ஆட்டோக்காரன். மான்கூர்டு, மான்கூர்டு, ஏக் சீட்டுங்கான். ஒரு சீட்டுதான் இருக்காம். யோசிக்காதேயும் மாப்ளே, ஏறி உக்காரும். இது முதல் கட்டம். பேத்தியை ரெண்டாங்கட்டத்துல அனுப்பி வைக்கேன்.